சுண்டு விரல் நுழையும் நட்சத்திரம்

காயல்பட்டினத்தில் ஒரு பெண், மாடி வராந்தாவில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு இரும்புத் தடுப்பு, தடுப்பில் கொஞ்சம் ஓட்டைகள். வேலை இவ்வளவுதான். ஒரே தடவையில் முடித்திருக்கலாம். நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை ஏன் கெட்டுப்போனது என்பதை எங்கள் கடை அண்ணாச்சியிடம்கூட இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு கட்டிங் கடையில் நான் டிசைன் போடுகிறவள். இரும்புத் தகடு, பலகை, அக்ரிலிக் எல்லாவற்றையும் மெஷின் வெட்டும். எங்கே வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது நான் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கும் கோடு. வீட்டு கேட், பூஜை அறைக் கதவு, பள்ளிவாசல் தடுப்பு, கல்யாண மண்டபத்து மேடை என்று பத்தொன்பது வருஷமாகச் சதுரமும் வட்டமும்தான் என் பிழைப்பு. வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருப்பேன். அது கையோடு பிறந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பழசாகிவிட்டது.

பார்க்கிறவர்கள் எப்படித்தான் மூளை வேலை செய்கிறதோ என்பார்கள். மூளை ஒன்றும் இல்லை. ஒரு சதுரம் போடுவேன். அதை நகல் எடுத்து, அதன் மேலேயே வைத்து, நாற்பத்தைந்து டிகிரி திருப்புவேன். இரண்டையும் ஒட்டினால் எட்டு முனை நட்சத்திரம். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி எட்டு வட்டம், எல்லாவற்றையும் ஒட்டினால் பூ. நட்சத்திரங்களை முனையோடு முனை தொட வரிசையாக வைத்துக்கொண்டே போனால், நான்கு நட்சத்திரங்களுக்கு நடுவே நாம் வரையாத ஒரு வடிவம் தானாக வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது வந்து நிற்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டுவேன். இப்போது அது வராவிட்டால்தான் கவனிக்கிறேன்.

வெட்டுகிற டிசைனுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எதுவும் தனியாக நிற்கக் கூடாது. நட்சத்திர ஓட்டைக்கு நடுவே ஒரு பூ இருக்க வேண்டுமென்றால், அந்தப் பூவைப் பிடித்துக்கொள்ள நான்கு பக்கமும் சின்னப் பட்டை விட வேண்டும். அதைப் பாலம் என்போம். பாலம் விட மறந்தால் மெஷின் ஓடி முடித்ததும் பூ பொத்தென்று கீழே விழும். விழுந்த பூக்களை அண்ணாச்சி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வரும்போது அந்த டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார்.

காயல்பட்டினத்துக்காரர் வளைகுடாவில் ஒரு கட்டிடச் சாமான் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டோர்கீப்பர். லீவில் வந்தபோது கடைக்கு வந்து, மாடி வராந்தாவுக்குத் தடுப்பு வேண்டும் என்று அண்ணாச்சியிடம் பேசிவிட்டு, என் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார். நான் வேலை நேரத்தில் போனை எடுப்பதில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு புரிந்துகொண்டார். அதிலிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ்தான்.

நல்ல மனிதர். ஆனால் சுருக்கமாகப் பேசத் தெரியாது. ஓட்டையின் அளவைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஊர் வெயில், கூட இருக்கிறவர் சமைத்த மீன், கிடங்குக்கு வந்த டைல்ஸ் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நான் பதிலுக்கு ஒரே வார்த்தை தட்டி அனுப்புவேன். "சரி." "பார்க்கிறேன்." "நாளை."

முதல் வாரத்தில் அவர் சொன்னதிலேயே உருப்படியானது ஒன்றுதான். அது நினைவிருக்கிறது.

"தங்கச்சி, ஓட்ட எம்புட்டுன்னா, சுண்டு விரல் நுழையணும், அடுத்த விரல் நுழையக் கூடாது. உள்ள இருந்து பாத்தா தெரு தெரியணும். தெருவுல இருந்து பாத்தா டிசைன்தான் தெரியணும், ஆளு தெரியக் கூடாது. அது அவ வீடு பாத்துக்கிடுங்க. நான் லீவுக்கு வந்துட்டுப் போற ஆளு."

அவர் சொன்னதில் மிகை இல்லை. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். இவர் இருந்தது எல்லாம் கூட்டிப் பார்த்தால் எத்தனை மாதம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நட்சத்திரம் அனுப்பினேன். முனை மழுங்கலாக இருக்கட்டும் என்றார். மழுக்கினேன். பழையபடி கூராகவே இருக்கட்டும் என்றார். பூவுக்கு எட்டு இதழா ஆறு இதழா என்று ஒரு வாரம். பாலம் மெலிதாக இருக்கிறதே, காற்றில் ஆடுமோ என்று நான்கு நாள். கோப்புக்கு நான் வைத்த பெயர்களே என் நிலைமையைச் சொல்லும். காயல், காயல் புதியது, காயல் கடைசி, காயல் கடைசி இரண்டு, காயல் இதுதான் கடைசி. கிடங்கில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லாவற்றிலும் அரைகுறையாக ஒன்று தெரிந்திருந்தது. முழுதாகத் தெரிந்தவரோடும் வேலை பார்க்கலாம், ஒன்றும் தெரியாதவரோடும் பார்க்கலாம். இவரோடு முடியவில்லை. நடுவில் ஒரு நாள் போன் நிரம்பிவிட்டது என்று காட்டியபோது அவருடைய பழைய வாய்ஸ்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். போன் லேசானது. எனக்கும் லேசாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒரு புதன்கிழமை, "டிசைன் ஓ.கே. தங்கச்சி, வெட்டச் சொல்லிருங்க" என்றார். தப்பித்தோம் என்று இருந்தேன். மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் இன்னொரு வாய்ஸ் வந்தது. நான்கு நிமிஷத்துக்கும் மேல். ஓ.கே. சொன்ன பிறகும் நாலு நிமிஷமா என்று எரிச்சல் வந்தது.

"இந்தக் காயல்பட்டினத்தாரு என் உசிர எடுக்காரு அண்ணாச்சி" என்றேன்.

"என்னன்னு கேட்டுட்டு ஒத்த வார்த்த பதில் போட்டுருங்க தாயி. கேட்டா என்ன, காதா தேயுது?" என்றார் அண்ணாச்சி.

நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை. அடுத்த வாரம் முழுக்க என் போன் சும்மா கிடந்தது. நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவியின் தம்பி கடைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அண்ணாச்சிதான் எழுந்துபோய், "என்ன வே, மச்சானக் காணும், மறந்துட்டாரா எங்கள?" என்று கேட்டார்.

"மச்சான் மவுத்தாயிட்டாக அண்ணாச்சி. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம, விடியக்காலம் சுபுஹு நேரம். நெஞ்சு வலின்னு சொன்னாகளாம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு. அங்கனயே அடக்கியாச்சி."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

தம்பி வந்தது வேலையை முடித்துத் தரச் சொல்லித்தான். "லாத்தா இத்தாவுல இருக்காக. நாலு மாசம் பத்து நாளு. வெளி ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாதுல்லா. கீழ ஒரே அறைக்குள்ளயே கெடக்காக, பாக்கச் சகிக்கல. மாடியில தடுப்பு மாட்டியாச்சின்னா அங்கன வந்து உக்காருவாக. கொஞ்சம் காத்தாவது வரும்." அக்காவை அந்த ஊரில் லாத்தா என்பார்கள், புருஷன் இறந்த பிறகு மனைவி வெளியே வராமல் இருக்கும் காலத்தை இத்தா என்பார்கள். பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். கொத்தனார் பென்சிலில் எழுதிய அளவு. உயரம் ஏழு அடி இரண்டு இஞ்சி மூன்று நூல். இங்கே கொத்தனாரும் ஆசாரியும் ஒரு இஞ்சியை எட்டு நூலாகப் பிரித்துத்தான் சொல்வார்கள்.

எனக்கு அவர் முதலில் தந்திருந்த உயரம் நான்கடி சொச்சம். ஏன் கூடியது என்று கேட்டேன்.

"கைப்பிடிச் சுவர எடுத்தாச்சி. மச்சான் சொல்லியிருந்தாக" என்றார்.

ஏன் எடுக்கச் சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும், அந்த நான்கு நிமிஷத்தைக் கேட்டிருந்தால். அப்போதும் அது என் போனில் கேட்கப்படாமல் கிடந்தது, கிடக்கிறது என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. செத்துப்போனவர் குரலைப் போட்டுக் கேட்க யாருக்கு மனசு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி வெறும் அலுப்பு.

அன்று சாயங்காலமே அந்த டிசைனைத் திறந்தேன். நான்கடி டிசைன் ஏழடி ஆக வேண்டும். முறையாகச் செய்தால் நட்சத்திர வரிசைகளைக் கூட்டிப் போட வேண்டும், ஓரங்களைச் சரிபார்க்க வேண்டும், எல்லாப் பூவுக்கும் பாலம் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். ஏழடி ஆனது. அகலத்தில் மிஞ்சியதை வெட்டிவிட்டேன். அரை நிமிஷ வேலை.

அப்படி இழுக்கும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருக்க வேண்டும். போட்டால் வடிவம் பெரிதாகும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து பெரிதாகும். போடாவிட்டால் கோடு பழைய தடிமனிலேயே நிற்கும், நடுவில் இருக்கும் ஓட்டை மட்டும் பெரிதாகும். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டவள் நான். அன்று டிக் போடவில்லை. போட்டிருந்தாலும் சுண்டு விரல் கணக்கு தப்பித்தான் போயிருக்கும். திரையில் பார்க்கும்போது எல்லா ஓட்டையும் ஒரே அளவுதான், உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் எந்த டிசைனும் அழகாகத்தான் இருக்கிறது.

பதினைந்து நாளில் வெட்டி, பெயிண்ட் அடித்து, கொண்டுபோய் மாட்டிவிட்டும் வந்தார்கள். மூன்றாம் நாள் தம்பி போன் செய்தார். அன்று எடுத்தேன்.

"அக்கா, ஏசாதிய. ரெண்டு விரலு தாராளமாப் போவுது. எதுத்த டீக்கடையில நின்னு பாத்தா உள்ள உக்காந்திருக்க ஆளு சேலக் கலரு தெரியிது. லாத்தா ஒரு தடவ வந்து உக்காந்தாக, டீக்கடையில ஒருத்தன் அண்ணாந்து பாத்துட்டான். ஒடனே எழும்பிப் போயிட்டாக. இப்ப பெட்ஷீட்டத் தொங்கப் போட்டு மறச்சிருக்கு."

எனக்குத்தான் கோபம் வந்தது. தப்பு செய்தவளுக்கு முதலில் வருவது கோபம்தான் போலிருக்கிறது. அண்ணாச்சியிடம், "டிசைன் ஓ.கே.ன்னு சொன்னது அவருதான். ஆதாரம் இருக்கு" என்றேன்.

"செத்த ஆளு மேல போடாதிய தாயி" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவில்லை, டப்பாவையும் குலுக்கவில்லை. "ஒரு எட்டு நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க. நீங்க பொம்பள, உள்ள விடுவாக."

திருச்செந்தூர் பாசஞ்சரில் போனேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. செய்துங்கநல்லூர் தாண்டியதும் வாழைத் தோப்புகள் வரத் தொடங்கின. கீழே இலை கிழிந்து, மேலே குருத்து விரியாமல், வரிசை வரிசையாக ஒரே மாதிரி நின்றன. வெளியே வந்தாலும் நகல் எடுத்து ஒட்டியதுபோலத்தான் எனக்குக் கண்ணில் படுகிறது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் புதன்கிழமை ஓ.கே.யைத் தேடினேன். போய் இறங்கியதும் போட்டுக் காட்டுவதற்காக. அதற்குக் கீழே வியாழக்கிழமை வாய்ஸ் இருந்தது. கேட்ட வாய்ஸுக்குப் பக்கத்தில் மைக் படம் நீலமாக மாறியிருக்கும். இது மாறவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் எதிர் ரயிலுக்காக நின்றது. வேறு வழியில்லாமல் அழுத்தினேன்.

"தங்கச்சி, ஓ.கே. சொன்னவன் திரும்ப வந்துட்டானேன்னு ஏசாதிய. இதுதான் கடேசி. கைப்பிடிச் சுவர எடுக்கச் சொல்லிட்டேன். நின்னா தெரு தெரியுது, உக்காந்தா சுவருதான் தெரியுது. அவளுக்கு முட்டு வலி, நிக்க ஏலாது. சாயங்காலம் அசருக்குப் பொறவு, பொழுதடஞ்சு மஃரிபு வரைக்கும் ஒரு நாற்காலியப் போட்டு அங்கன உக்காருவா. அவளுக்கு வெளிய போறதுன்னா அதுதான். இப்ப ஒசரம் கூடிரும்லா? டிசைனப் புடிச்சு இழுத்துராதிய. இங்கன எங்க கிடங்கு வாசல்ல ஒருத்தன் அப்பிடித்தான் இழுத்து வச்சிருக்கான், ஓட்டையெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்கி. வரிசையக் கூட்டிப் போடுங்க. கீழ நாலு அடிக்கு நெருக்கமா, அதுக்கு மேல போகப் போக பைய அகலமா. காத்து வரணும்லா. பொறவு ஒண்ணு இருக்கு, சொன்னாச் சிரிப்பிய..."

சிரிக்கவில்லை. இடது ஓரத்தில், அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தால் கண் வரும் உயரத்தில், ஒரே ஒரு நட்சத்திரத்தில் மட்டும் நடுவில் இருக்கும் பூவை எடுத்துவிடச் சொன்னார். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரு முனை தெரியும். லீவில் அவர் வரும்போது கார் தெருவுக்குள் திரும்புவது மனைவிக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

"அவட்டச் சொல்லாதிய. அவளே கண்டுபுடிக்கட்டும். சரி தங்கச்சி, சாப்புடுத நேரமா இருக்கும், வைக்கேன்."

எதிர் ரயில் வந்து போனது. நான் அந்தப் புதன்கிழமை ஓ.கே.யைத் திரும்பத் தேடவில்லை.

அந்த வீட்டுக்குப் பின்பக்கமாக, பெண்கள் மட்டும் நடக்கும் ஒடுக்கமான முடுக்கு வழியாகக் கூட்டிப்போனார்கள். அவர் மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்து காது எல்லாம் வெறுமை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ரயில்லயா வந்திய? சாப்ட்டியளா?" என்றுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாடியில் நீலப் பூப் போட்ட பெட்ஷீட் என் டிசைனை முழுதாக மூடியிருந்தது. பெட்ஷீட்டுக்குப் பின்னால் நட்சத்திரங்கள் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தன. காற்று துளியும் இல்லை. கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தழும்பு இன்னும் பூசப்படாமல் இருந்தது. நாற்காலி இடது ஓரத்தில் கிடந்தது. வாய்ஸில் சொன்ன அதே இடம்.

"ஒரு தடவ இதுல உக்காருங்க" என்றேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். தரையிலிருந்து கண் வரைக்கும் டேப்பை வைத்து அளந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அளவு எடுக்க வந்தவள் அளவு எடுக்கிறாள் என்று இருந்துவிட்டார்.

"திரும்பப் போட்டுத் தாரேன்" என்றேன். அவர் கணவர் சொன்னதைச் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஒரு காரணம். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

திரும்ப வந்து மூன்று நாள் அந்த ஒரு டிசைனை மட்டும் போட்டேன். எல்லா வரிசையும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றை வரைந்து நகல் எடுத்துக்கொண்டே போகலாம். வாய்ஸில் அவர் கேட்டதோ கீழே நெருக்கம், மேலே போகப் போக அகலம். ஒரு வரிசையின் நட்சத்திரம் அடுத்த வரிசைக்கு உதவாது. சின்ன வரிசையில் பதினெட்டு நட்சத்திரம் வந்தால் அதற்கு மேல் பதினேழுதான் கொள்ளும், முனையோடு முனை சேராது, சேராத இடத்தில் எல்லாம் பூ அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் பாலத்தைக் கையால் போட்டேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆனால் பல வருஷத்துக்குப் பிறகு, நான் வரையாத அந்த நடு வடிவம் வரிசைக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு மேலே போனதைப் பார்த்தேன். கூப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார்.

கடைசியாக இடது ஓரத்தில், டேப் சொன்ன உயரத்தில், ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அதன் பூவைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். பார்த்துப் பார்த்து வைத்த நூற்றுக்கணக்கான பூவில் ஒன்றை எடுப்பதற்கு ஒரே ஒரு பொத்தான்தான்.

மெஷின்காரர் வெட்டி முடித்துவிட்டு, "யக்கா, ஒரு பூவக் காணும். பாலம் உட மறந்துட்டியளா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அண்ணாச்சி டப்பாவைத் தேடப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

புதுத் தடுப்பை மாட்டி நான்கைந்து நாள் இருக்கும். மத்தியானம் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. அவர் மனைவிதான்.

"தங்கச்சி, பெட்ஷீட்ட எடுத்தாச்சி. தம்பி டீக்கடையில நின்னு பாத்துட்டு ஒண்ணுமே தெரியலன்னான். அல்ஹம்துலில்லாஹ். நல்லாக் காத்து வருது. சொல்லணும்னு நெனச்சேன், ஒரு எடத்துல பூ விழுந்துட்டு போல. நான் உக்காருத எடத்துக்கு நேர."

"விழல. எடுத்ததுதான்."

"எடுத்ததா? அது வழியாப் பாத்தா..." என்று நிறுத்தினார். "தெரு மொன தெரியிது தங்கச்சி. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் அவர் கணவர் அனுப்பினார் என்று சொன்னேன். நான் அன்று கேட்கவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் அந்தப் பெட்ஷீட் தேவைப்பட்டிருக்காது என்றும் சொன்னேன்.

"அவுக கொரலு ஒங்க போன்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் தினமும் போனில்தான் பேசிக்கொண்டார்கள். பேசியது பேச்சோடு போயிற்று. வீட்டில் போட்டோ இருக்கிறது, பழைய கடிதம்கூட இருக்கிறது. குரல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் போனிலேயே குடும்பம் நடத்தியவரின் குரல் அந்த வீட்டில் ஒரு இடத்திலும் இல்லை. பதில் போடச் சோம்பிய ஒரு டிசைன்காரியின் போனில் கிடக்கிறது.

முதலில் அந்த வியாழக்கிழமை வாய்ஸை அனுப்பினேன். பிறகு மேலே போய் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, இருந்ததை எல்லாம் அனுப்பினேன். பூவுக்கு எட்டு இதழா ஆறு இதழா. பாலம் ஆடுமா. ஓ.கே. தங்கச்சி. மொத்தம் பதினான்கு இருந்தன. வெயிலும் மீனும் டைல்ஸும், அந்தச் சுண்டு விரலும், முதல் மாதத்தோடு போயிருந்தன.

இரண்டு நாள் கழித்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. "இதுக்கு முந்தி ஒன்னும் பேசலையா தங்கச்சி?"

இவ்வளவுதான் என்று தட்டினால் முடிந்துவிடும், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. "பேசினார். நிறையப் பேசினார். போன் நிறைஞ்சிடுச்சின்னு நான்தான் அழிச்சிட்டேன். மன்னிச்சிருங்க" என்று எழுதி அனுப்பினேன். போனைக் குப்புற வைத்துவிட்டு ஒரு கேட்டுக்குச் சதுரம் போடத் தொடங்கினேன்.

சாயங்காலம் நான்கரை மணி வாக்கில் பதில் வந்தது. வாய்ஸ். இரண்டு நிமிஷம் சொச்சம். வேலையை அப்படியே நிறுத்திவிட்டு எடுத்துக் கேட்டேன்.

"பரவால்ல தங்கச்சி. வெசனப்படாதிய. அவுக பேச்சு நீளந்தான், எனக்குத் தெரியாதா? அந்த வியாழக்கெழம காலையிலயும் எங்கிட்டப் பேசுனாக. பேசிட்டே இருந்தாக. நான் போனக் கட்டில்ல வச்சிட்டு மீன் அறுக்கப் போயிட்டேன். திரும்பி வந்து எடுத்தா, 'என்னளா சொல்லுத?'ன்னு கேக்குறாக. நான் 'ஆமா'ன்னேன். சிரிச்சிட்டு வச்சிட்டாக. எதுக்கு ஆமான்னு சொன்னேன்னு எனக்கு இன்னவரைக்கும் தெரியாது தங்கச்சி."

அதற்குப் பிறகும் வாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு இல்லை. நாற்காலி கிரீச்சிட்டது, தெருவில் ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது. முடிகிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.